வயதாக ஆக மூளையின் பெப்டைடு நியூரான்கள் எல்லாமே குறைந்துவிடுமா?

#1 தறிக்காரன்

வணக்கம். ஒரு வார இதழின் மருத்துவப் பக்கத்தில் படித்தேன். வயதானால் மூளையில் நியூரோபெப்டைடு சுரக்கும் நரம்புச் செல்கள் செத்துப்போகுமாம். தூக்கம் கெடுவது, தாகம் தெரியாமல் போவது, ஞாபகம் மங்குவது எல்லாம் அதனால்தானாம். அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் 'நியூரோபெப்டைடு' மாத்திரை விளம்பரம்.

அப்பாவுக்கு 79. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். தண்ணீர் கொடுத்தால் தாகமே இல்லை என்கிறார். கட்டுரையைப் படித்தபோது அவரைப் பார்த்தே எழுதின மாதிரி இருந்தது. உண்மையிலேயே இந்தச் செல்கள் எல்லாம் செத்துத்தான் போகின்றனவா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். மாத்திரை வாங்கும் எண்ணமில்லை, ஆனால் அம்மா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறார்.

#2 மைக்ரோடோம்

மூளையின் அடிப்பகுதியில் தாகம், தூக்கம், பசியைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸைச் சீவிச் சாயமேற்றிப் பார்ப்பது ஒரு காலத்தில் என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தச் செல்கள் ஏன் தனி ரகம் என்பது. குளூட்டமேட் போன்ற சாதாரண நரம்புக் கடத்திகள் சின்ன மூலக்கூறுகள். நரம்பு முனையிலேயே தயாராகும், வெளியே விட்டதைத் திரும்ப உறிஞ்சியும் பயன்படுத்தலாம். பெப்டைடு என்பது சின்னப் புரதத் துண்டு, அதற்கு அந்த வசதி இல்லை. செல்லின் உடல் பகுதியில் மரபணுவிலிருந்து நீளமான புரதமாக உருவாகி, நொதிகளால் துண்டாகி, பெரிய பைகளில் அடைபட்டு, நரம்பிழை வழியாக முனைவரை போய்ச் சேரவேண்டும். வெளியே விட்டால் விட்டதுதான், திரும்ப எடுக்க வழியில்லை. செல் வேகமாகத் துடிக்கும்போதுதான் பெரும்பாலும் வெளியாகும். ஆனால் விளைவு நிமிடக்கணக்கில் நிற்கும். ஆக, புரதத் தயாரிப்போ போக்குவரத்தோ வயதில் தளர்ந்தால் இந்தச் செல்கள் முதலில் அடிவாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான்.

ஆனால் எண்ணிப் பார்த்தபோது வந்தது வேறு கதை. 1985இல் ஆம்ஸ்டர்டாமில் டிக் ஸ்வாப், எரிக் ஃப்ளியர்ஸ் ஆகியோரின் குழு இறந்தவர்களின் மூளையில் வாசோபிரெசின், ஆக்ஸிடாசின் செல்களை எண்ணியது. இவை அதிகம் இருப்பது ஹைப்போதலாமஸின் இரண்டு இடங்களில்: சுப்ராஆப்டிக், பாராவென்ட்ரிகுலர் கருக்கள் (கரு என்றால் இங்கே நரம்புச் செல்களின் சிறு கூட்டம்). சிறுநீரகத்துக்கு 'தண்ணீரைப் பிடித்து வை' என்று சொல்லும் ஹார்மோனான வாசோபிரெசின் இங்கிருந்துதான் கிளம்புகிறது. தொண்ணூறு வயதுக்காரர் மூளையிலும் இந்தச் செல்கள் குறையவில்லை. முதுமை மறதி வந்தவர்களிடமும் அப்படியே. இன்னும் சொன்னால், வாசோபிரெசின் செல்கள் வயதானவர்களிடம் பெரிதாகியிருந்தன. அதாவது முன்னைவிட மும்முரமாக வேலை செய்கின்றன. சிறுநீரகம் வயதில் அந்த ஹார்மோனின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை, அதை ஈடுகட்டத்தான் இவை கூடுதலாக உழைக்கின்றன என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

அங்கிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி, பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே சுப்ராகயாஸ்மாடிக் கரு இருக்கிறது. இரவு பகல் கடிகாரம் இதுதான். இங்கேயும் வாசோபிரெசின் செல்கள் உண்டு. அதே 1985இல் அதே குழு பார்த்ததில், 80 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இந்தக் கரு சுருங்கி, வாசோபிரெசின் செல்களும் குறைந்திருந்தன. அல்சைமர் நோயாளிகளிடம் இன்னும் மோசம்.

ஒரே பெப்டைடு, ஒரே மூளை. ஓரிடத்தில் செல் பருக்கிறது, பக்கத்தில் காணாமல் போகிறது. 'பெப்டைடு செல்கள் வயதில் சாகும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது: எந்தக் கருவில்?

இன்னொரு விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. 1994இல் மிஷெல் ஹோஃப்மனும் ஸ்வாபும், ஒருவர் இறந்த நேரத்தை வைத்துக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். இளையவர்களில், பகலில் இறந்தவர்களின் கடிகாரக் கருவில் வாசோபிரெசின் சாயமேறிய செல்கள் அதிகம், இரவில் இறந்தவர்களிடம் குறைவு. ஐம்பதைத் தாண்டியவர்களிடம் இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. எண்ணிக்கை சரிவது எண்பதில். தாளம் கெடுவதோ ஐம்பதுகளிலேயே.

#3 வார்டு_அக்கா

தறிக்காரன் தம்பி, உங்கள் அப்பா தாகமில்லை என்று சொல்வது அடம் இல்லை. 1984இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சோதனை செய்தார்கள். 67 முதல் 75 வயதுவரை உள்ள ஆரோக்கியமான ஆண்கள் ஏழு பேர், இளைஞர்கள் ஏழு பேர். 24 மணி நேரம் தண்ணீர் இல்லை. பெரியவர்களின் ரத்தம் அதிகமாகவே கெட்டிப்பட்டிருந்தது, ஆனாலும் தாகமோ வாய் வறட்சியோ அவ்வளவாகத் தெரியவில்லை. பிறகு தண்ணீர் வைத்தபோதும் இளைஞர்களைவிடக் குறைவாகத்தான் குடித்தார்கள்.

சோதனையில் வாசோபிரெசினும் அளந்தார்கள். அது பெரியவர்களிடம் குறையவில்லை. மைக்ரோடோம் சொன்னதோடு சரியாகப் பொருந்துகிறது, கவனியுங்கள். ஹார்மோன் செல் வேலை செய்கிறது, தாக உணர்வுதான் மங்கியிருக்கிறது.

வார்டில் நாங்கள் "தாகம் எடுத்தா கேளுங்க" என்று பெரியவர்களிடம் சொல்வதே இல்லை. மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம், பேரன் பள்ளிவிட்டு வரும் நேரம் என்று எதையாவது பிடித்துக்கொண்டு அரை டம்ளர் அரை டம்ளராகக் கொடுக்கச் சொல்வோம். இதய நோய், சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் அளவை மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

இரவில் எத்தனை தடவை சிறுநீருக்கு எழுகிறார் என்றும் பாருங்கள். இளம் வயதில் ராத்திரி வாசோபிரெசின் கூடும், சிறுநீர் குறையும். முதுமையில் அந்த ராத்திரி ஏற்றம் பலருக்குத் தட்டையாகிவிடுகிறது. தூக்கம் கலைந்ததால் போகிறாரா, போகவேண்டி வந்ததால் தூக்கம் கலைகிறதா என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

#4 கணக்கு_வாத்தியார்

எல்லாம் சரி. ஒரு சந்தேகம். மைக்ரோடோம் சாரே கடைசியில் 'சாயமேறிய செல்கள்' என்றுதான் எழுதுகிறார், வெறும் 'செல்கள்' என்று எழுதவில்லை. சாயத்தைக் கொண்டுபோகும் ஆன்டிபாடி (எதிர்ப்புரதம்) ஒட்டியது பெப்டைடின்மேல். பெப்டைடு தீர்ந்துபோன செல், உயிரோடு இருந்தாலும் கணக்கில் வராது இல்லையா? அப்படியானால் 'குறைந்தது' என்ற வாக்கியங்கள் எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை.

இரண்டாவது, பழைய மூளைக் கணக்குகளின்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. வயதானால் பெருமூளைப் புறணியில் (மூளையின் மேற்பரப்பு அடுக்கு) செல்கள் கொத்துக்கொத்தாகச் சாகின்றன என்று ஒரு தலைமுறையே பாடப்புத்தகத்தில் படித்தது. பிறகு டென்மார்க்கில் பாக்கென்பெர்க்கும் குண்டர்சனும் ஒழுங்கான மாதிரியெடுப்பு முறையில் எண்ணினார்கள், 1997இல் வந்தது. 20 வயதிலிருந்து 90 வயதுக்குள் புறணியில் குறைவது மொத்தமே சுமார் 10 சதவீதம்தான்.

#5 மைக்ரோடோம்

வாத்தியார் சரியான இடத்தில் கை வைத்தார்.

எலி மூளையில் பெப்டைடு சாயமேற்றிய யாருக்கும் இது தெரியும். செல் உடலில் பல பெப்டைடுகள் தங்குவதே இல்லை, தயாரானவுடன் இழை வழியாகக் கிளம்பிவிடும். சாயமேற்றினால் வெறும் மங்கல். அதனால் எலியைப் பலியிடுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு மூளைக்குள் கால்ச்சிசின் செலுத்துவோம். கீல்வாதத்துக்குக் கொடுக்கிற அதே மருந்துதான். அது இழைக்குள் போக்குவரத்தை நிறுத்திவிடும், பெப்டைடு செல் உடலிலேயே தேங்கும். மறுபடி சாயமேற்றினால் முன்பு வெறுமையாகத் தெரிந்த இடத்தில் பழுப்பு நிறச் செல்கள் வரிசையாக நிற்கும். செல் புதிதாக முளைத்ததா என்ன? இல்லை, ஏற்கனவே இருந்ததுதான். மனித மூளையில் இந்த வித்தை செல்லாது. இறந்தபின் எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தார்கள், ஃபார்மலினில் எத்தனை நாள் கிடந்தது என்பதெல்லாம் வேறு சேர்ந்துகொள்ளும்.

இதைவிடப் பளிச்சென்ற எடுத்துக்காட்டு பிராட்டில்பரோ எலி. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1961இல் கண்ட வகை. மரபணுக் கோளாறால் வாசோபிரெசின் ஒழுங்காக உருவாவதில்லை, எலி ஓயாமல் தண்ணீர் குடித்து ஓயாமல் சிறுநீர் கழிக்கும். அந்தச் செல்கள் மூளையில் இருக்கின்றன, பருத்தும் இருக்கின்றன. ஹார்மோன்தான் இல்லை.

எதிர்த் திசையிலும் உண்டு. 2018இல் லாஸ் ஏஞ்சலிசில் ஜெரோம் சீகலின் குழு, நெடுநாள் ஹெராயினுக்கு அடிமையாக இருந்தவர்களின் மூளையில் ஓரெக்சின் என்ற பெப்டைடின் செல்களை எண்ணியபோது மற்றவர்களைவிட 54 சதவீதம் அதிகம் கிடைத்தது. எலியில் மார்ஃபின் கொடுத்துப் பார்த்தால், புதுச் செல் பிறக்கவில்லை. வழக்கமாகக் கண்ணில் படாத அளவுக்குக் கொஞ்சமாகப் பெப்டைடு வைத்திருந்தவை இப்போது கண்ணில் படுகின்றன, அவ்வளவுதான்.

ஆகையால் 'எண்ணிக்கை குறைந்தது' என்பதை 'பெப்டைடு காட்டும் செல்கள் குறைந்தன' என்று படியுங்கள். கடிகாரக் கருவில் பெப்டைடைச் சாராத சாதாரணச் சாயத்திலும் மொத்தச் செல்கள் குறைந்திருந்ததால், அங்கே இழப்பு நிஜம் என்றே நினைக்கிறேன். எல்லா இடத்துக்கும் அப்படிச் சொல்லமாட்டேன்.

#6 ராக்கோழி

தூக்கத்துக்கு வருவோம், என் பெயரே சொல்லும். தறிக்காரன் அப்பாவின் மூன்று மணி விழிப்பை நேரடியாகத் தொடும் ஆய்வுகள் இரண்டு உண்டு. ஒன்று மனிதர்களில், ஒன்று எலியில்.

மனிதர் ஆய்வு 2014இல் வந்தது. ஆண்ட்ரூ லிம், கிளிஃபர்ட் சேப்பர் குழு. சிக்காகோவில் ரஷ் மருத்துவ மையத்தின் முதுமை ஆய்வில் சேர்ந்த பெரியவர்கள், கையில் வாட்ச் மாதிரி ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு ஒரு வாரத்துக்கும் மேல் இருந்தார்கள். இறந்தபின் மூளையைக் கொடுத்தார்கள். அப்படி 45 பேர். ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் தூக்கத்தை வரவழைக்கும் ஒரு சிறிய செல் கூட்டம் இருக்கிறது. அந்தச் செல்களின் பெப்டைடு காலனின். காலனின் செல்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு துண்டுதுண்டாக இருந்தது தூக்கம். 6,000க்கு மேல் செல் இருந்தவர்களின் ஓய்வு நேரத்தில் பாதிக்கும் மேலே நீண்ட அசைவற்ற தூக்கம். 3,000க்குக் கீழே இருந்தவர்களுக்கு அது 40 சதவீதத்துக்கும் குறைவு. அல்சைமர் வந்தவர்களிடம் இந்தச் செல்கள் இன்னும் குறைவு.

வெறும் சில ஆயிரம் செல்! மூளையில் மொத்தம் 8,600 கோடி நியூரான் என்கிறார்கள். அதில் மூவாயிரம் போனால் ஒரு மனிதனின் இரவு போய்விடுகிறது.

எலி ஆய்வு 2022இல். ஸ்டான்ஃபோர்டில் லூயிஸ் டி லெசேயா குழு. இவர் 1998இல் ஓரெக்சினைக் கண்டவர்களில் ஒருவர் (அவர்கள் வைத்த பெயர் ஹைப்போகிரெடின், ஜப்பானியர் வைத்தது ஓரெக்சின்). ஓரெக்சின் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் பெப்டைடு. கிழட்டு எலிகளில் ஓரெக்சின் செல்கள் சுமார் 38 சதவீதம் குறைந்திருந்தன. விழிப்புச் செல் குறைந்தால் நன்றாகத் தூங்கவேண்டாமா? தூங்கவில்லை. மிச்சமிருந்த செல்கள் சும்மா தொட்டாலே துடிக்கும் நிலையில் இருந்தன. பொட்டாசியத்தை வெளியே விட்டுச் செல்லை அமைதிப்படுத்தும் ஒரு வகை வாயில், கேசிஎன்க்யூ 2/3 என்பது, அவற்றில் தளர்ந்துபோயிருந்தது. இளம் எலியில் அந்த வாயிலின் மரபணுவைக் கெடுத்தார்கள், அதன் தூக்கமும் கிழட்டு எலியுடையதுபோல உடைந்தது. கிழட்டு எலிக்கு அந்த வாயிலைத் திறக்கும் ஃப்ளுபிர்டின் கொடுத்தார்கள், தூக்கம் ஓரளவு சேர்ந்தது.

எனக்கு இதுதான் இந்தப் பேச்சின் மையம். செத்த செல்லைவிட, சாகாமல் நிலைதடுமாறிய செல் செய்கிற கோளாறு பெரிது.

#7 கணக்கு_வாத்தியார்

எலிக் கணக்கை அப்பாவுக்குக் கொண்டுபோகாதீர்கள். நார்கோலெப்சி என்ற தூக்க நோய் உள்ளவர்களில் ஓரெக்சின் செல்கள் தொண்ணூறு சதவீதம் அளவுக்குப் போய்விடுகின்றன, 2000இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. அவர்களுக்குப் பகலில் தாங்கமுடியாத தூக்கம், சரி. ஆனால் ராத்திரித் தூக்கமும் உடைந்துதான் இருக்கிறது. அங்கே துடிக்க மிச்சம் செல்லே இல்லையே? ஓரெக்சின் குறைவதாலேயே தூக்கம் உடையலாம். இரண்டில் எது மனித முதுமையில் நடக்கிறது என்பதை எலியை வைத்துத் தீர்த்துவிட முடியாது.

#8 ராக்கோழி

நல்ல கேள்வி, வாத்தியாரே. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம் என்பது என் எண்ணம். நார்கோலெப்சியில் நிலையைத் தாங்கிப்பிடிக்க ஆளில்லை, அதனால் விழிப்புக்கும் தூக்கத்துக்கும் இடையே தாவல். முதுமையில் தாங்கிப்பிடிக்க ஆள் இருக்கிறது, ஆனால் நேரம்கெட்ட நேரத்தில் பிடிக்கிறது. கூடவே காலனின் பக்கமும் பலவீனம். ஓரெக்சினைத் தடுக்கும் தூக்க மாத்திரை சுவோரெக்சன்ட் 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது வயதானவர்களுக்கும் வேலை செய்கிறது என்பது என் பக்கத்துக்குக் கொஞ்சம் வலு.

#9 தறிக்காரன்

இந்த ஃப்ளுபிர்டின் இங்கே கிடைக்குமா?

#10 மருந்துக்கடை

வேண்டாம் சார். வலி மாத்திரையாகப் பல நாடுகளில் விற்றது அது. கல்லீரலைக் கெடுத்ததால் 2018இல் ஐரோப்பாவில் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆய்வகத்தில் ஒரு வாயிலைத் திறந்து காட்டப் பயன்பட்டது, அத்தோடு சரி. 79 வயதுக்காரருக்கு எந்தத் தூக்க மாத்திரையும் கடையில் நேராகக் கேட்டு வாங்குவதில்லை. ராத்திரி எழுந்து நடக்கும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிவதில்தான் முடியும்.

#11 செவ்வந்தி

எல்லோரும் அப்பாக்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு 51. திடீரென்று நெஞ்சிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து முகத்துக்கு குப்பென்று சூடு ஏறுகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் ஜாக்கெட் நனைந்துவிடுகிறது, அப்புறம் குளிர்கிறது. சென்னை வெயிலில் இதைச் சொன்னால் "எல்லாருக்கும்தான் வேர்க்குது" என்கிறார்கள். இதுவும் பெப்டைடு சமாசாரம் என்று எங்கோ படித்தேன். உண்மையா?

#12 சூல்மருத்துவி

உண்மை. இந்த உரையாடலில் பேசியதிலேயே நோயாளிக்கு மருந்தாக வந்து சேர்ந்த கதை இதுதான், ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் நவோமி ரான்ஸ் என்ற நரம்பு நோய்க்கூறியல் மருத்துவர், 1990ஐ ஒட்டி, இறந்த பெண்களின் ஹைப்போதலாமஸில் ஒன்றைக் கவனித்தார். மாதவிடாய் நின்றவர்களிடம் இன்ஃபண்டிபுலர் கரு என்ற இடத்தில் ஒரு வகைச் செல்கள் பருத்திருந்தன. அவற்றில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனின் செய்தியை வாங்கும் புரதம்) இருந்தது, நியூரோகைனின் பி என்ற பெப்டைடும் மிக அதிகமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. இதே செல்கள்தான் கிஸ்பெப்டினும் டைனார்ஃபினும் வைத்திருப்பவை என்பது பிற்பாடு தெரிந்தது. மூன்று பெப்டைடு, ஒரே செல். கிஸ்பெப்டினும் நியூரோகைனினும் தூண்டுபவை, டைனார்ஃபின் அடக்குவது. மாதவிடாய் நின்றபின் முதல் இரண்டும் கூடுகின்றன, டைனார்ஃபின் குறைகிறது.

இது வெறும் முதுமையா? இளம் பெண் குரங்குகளின் சினைப்பையை நீக்கிப் பார்த்தார்கள். அதே மாற்றம் வந்தது. ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்கள், திரும்பியது. அப்படியென்றால் இந்தச் செல்கள் தேய்ந்துபோகவில்லை, கெட்டுப்போகவும் இல்லை. 'போதும்' என்று சொல்ல வேண்டிய ஈஸ்ட்ரோஜன் வருவதில்லை, அதனால் நிறுத்தாமல் கத்துகின்றன. பக்கத்திலேயே உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி இருக்கிறது. இவற்றின் இழைகள் அங்கே போகின்றன. உடம்பு சூடாகிவிட்டது என்று தவறான செய்தி கிடைத்து, அது தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்துவிட்டு வியர்க்க வைக்கிறது. செவ்வந்தி சொன்ன வரிசை அப்படியே: நெஞ்சு, கழுத்து, முகம், வியர்வை, பிறகு குளிர்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நியூரோகைனின் பியை இன்னும் மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு ரத்தத்தில் செலுத்தியபோது அவர்களுக்கும் அந்தச் சூடு வந்தது, 2015இல். அதன் ஏற்பியைத் தடுக்கும் ஒரு மாத்திரையை 2017இல் 37 பெண்களில் சோதித்தார்கள், நன்றாகவே குறைந்தது. அந்த வழியில் வந்த ஃபெசோலினெட்டன்ட் 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஈஸ்ட்ரோஜன் இல்லாமலே வேலை செய்யும், ஆகவே மார்பகப் புற்றுநோய் வந்து ஹார்மோன் எடுக்கக்கூடாதவர்களுக்கு இந்த வழி திறந்தால் பெரிய விஷயம். கல்லீரல் பற்றி 2024 டிசம்பரில் அங்கே கடுமையான எச்சரிக்கை சேர்த்தார்கள், தொடங்கும் முன்பும் முதல் மாதங்களிலும் ரத்தப் பரிசோதனை கட்டாயம். எலின்சனெட்டன்ட் என்ற அடுத்த மாத்திரைக்கு 2025இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி வந்தது.

"எல்லாருக்கும்தான் வேர்க்குது" என்பவர்களிடம் இதைக் காட்டுங்கள். தைராய்டு மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் அம்மா, அதுவும் இதே மாதிரி வேர்க்கவைக்கும்.

#13 செவ்வந்தி

முப்பது வருஷம் முன்பே செல் பருத்திருப்பதைப் பார்த்திருக்கிறார், மாத்திரை வர 2023 ஆகியிருக்கிறது. ஆண்களுக்கு வருகிற சூடாக இருந்திருந்தால் இவ்வளவு நாள் ஆகியிருக்குமா? சரி, விடுங்கள். நன்றி டாக்டர்.

#14 பி.எஸ்சி_மூன்றாமாண்டு

வணக்கம் சீனியர்ஸ். இனப்பெருக்க ஹார்மோன்களைக் கிளப்பிவிடும் ஜிஎன்ஆர்எச் என்ற பெப்டைடைக் கொடுத்தால் முதுமையே தள்ளிப்போகும் என்று 2013இல் நேச்சர் இதழில் வந்ததே, அதைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? டோங்ஷெங் காய் குழு. வயதானால் ஹைப்போதலாமஸில் அழற்சி வருகிறது, அது ஜிஎன்ஆர்எச்சைக் குறைக்கிறது, திரும்பக் கொடுத்தால் எலி இளமையாகிறது. இதைவிட வேறென்ன வேண்டும்?

#15 மைக்ரோடோம்

தம்பி, 'இளமையாகிறது' என்று அவர்கள் எழுதவில்லை. அழற்சிப் பாதையைத் தடுத்த எலிகள் கொஞ்சம் அதிக நாள் வாழ்ந்தன. ஜிஎன்ஆர்எச் ஊசி போட்ட கிழட்டு எலிகளில் தசை, தோல், நினைவாற்றல் ஆகியவற்றின் சரிவு குறைந்தது, மூளையில் புதுச் செல் பிறப்பும் ஓரளவு மீண்டது. அருமையான ஆய்வுதான். ஆனால் கூண்டில் வளரும் ஒரே குல எலி அது.

மனிதரில் இதற்கு நெருக்கமாக வருவது 2022இல் பிரான்ஸின் லீல், சுவிட்சர்லாந்தின் லோசான் குழுக்கள் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஏழு ஆண்களில் செய்தது. ஒரு சிறு பம்ப் தோலுக்கடியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஜிஎன்ஆர்எச் செலுத்தும், ஆறு மாதம். ஏழில் ஆறு பேருக்கு அறிவாற்றல் சோதனையில் முன்னேற்றம். ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்து கொடுத்த குழு கிடையாது. கவனிக்க வேண்டியது அந்த இரண்டு மணி இடைவெளி. ஜிஎன்ஆர்எச்சைத் தொடர்ந்து ஊற்றினால் விளைவு தலைகீழாகும், ப்ராஸ்டேட் புற்றுநோயில் ஹார்மோனை அடக்க அதே வழியைத்தான் கையாள்கிறார்கள். பெப்டைடின் அளவு மட்டும் போதாது, அது எந்தத் தாளத்தில் வருகிறது என்பதும் செய்திதான்.

உன் கேள்வியில் ஒரு பகுதி சரியான திசையில் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் சியாட்டிலின் ஆலன் நிறுவனம் சுமார் 12 லட்சம் எலி மூளைச் செல்களின் மரபணுச் செயல்பாட்டை, இரண்டு மாத எலியிலும் பதினெட்டு மாத எலியிலும் ஒப்பிட்டது. வயதின் தடம் அழுத்தமாக விழுந்திருந்த இடங்களில் முக்கியமானது ஹைப்போதலாமஸில், மூளைக்குள் திரவம் நிறைந்த மூன்றாவது அறையை ஒட்டிய பகுதி. பசி, ஆற்றல் பெப்டைடு செல்கள் குடியிருப்பது அங்கேதான். அழற்சி மரபணுக்கள் ஏறியிருந்தன, நியூரான் வேலை மரபணுக்கள் இறங்கியிருந்தன.

#16 கணக்கு_வாத்தியார்

ஞாபகம் பற்றித் தறிக்காரன் கேட்டது அப்படியே நிற்கிறது.

#17 மைக்ரோடோம்

ஆமாம். அங்கே பார்க்கவேண்டியது சோமடோஸ்டாடின். ஹைப்போதலாமஸில் வளர்ச்சி ஹார்மோனை அடக்கும் பெப்டைடாக 1973இல் கண்டது. ஆனால் பெருமூளைப் புறணியிலும் மற்ற செல்களை அடக்கிவைக்கும் நியூரான்களில் ஒரு பெரும் பிரிவு இதை வைத்திருக்கிறது. அல்சைமர் நோயாளிகளின் புறணியில் சோமடோஸ்டாடின் குறைந்திருப்பதை 1980இலேயே காட்டிவிட்டார்கள். 2005இல் ஜப்பானின் ரிகென் நிறுவனத்தில், அல்சைமரில் மூளையில் படியும் புரதமான அமிலாய்டைச் சிதைக்கும் நெப்ரிலைசின் என்ற நொதியைச் சோமடோஸ்டாடின் தூண்டுகிறது என்று எலியில் பார்த்தார்கள். 2024இல் சியாட்டிலில் 84 பேரின் மூளையை ஆராய்ந்தபோது, நோயின் ஆரம்பக் கட்டத்திலேயே குறையத் தொடங்குபவற்றில் இந்தச் செல்கள் இருந்தன.

ஆனால் இது நோயின் கதை. 79 வயதில் பேர் ஞாபகம் வராமல் தடுமாறுவதை இதோடு சேர்த்துப் பயப்படவேண்டாம்.

#18 மருந்துக்கடை

அம்மாவின் கத்தரித்த பக்கத்துக்கு என் பதில்: பெப்டைடு என்பது அமினோ அமிலச் சங்கிலி. வாயில் போட்டால் வயிறும் குடலும் அதைப் பருப்புப் புரதம்போல நறுக்கிவிடும். இன்சுலினும் பெப்டைடுதான், அதனால்தான் இன்றும் ஊசியாகப் போடுகிறோம். தப்பித்தவறி ரத்தத்துக்குப் போனாலும் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டுவது மிகச் சொற்பம். மேலே டாக்டர் சொன்ன மாத்திரைகள் பெப்டைடு அல்ல, ஏற்பியை அடைக்கும் சின்ன மூலக்கூறுகள். அதனால்தான் வாய் வழியாகவே வேலை செய்கின்றன.

#19 தறிக்காரன்

அம்மாவிடம் வாசித்துக் காட்டிவிட்டேன். "இன்சுலின்" என்றதும் ஒத்துக்கொண்டார், அவருக்குச் சர்க்கரை. கடைசியாக ஒன்று: கடிகாரக் கரு தேய்கிறது என்றால் அதற்கு வெளியிலிருந்து செய்யக்கூடியது எதுவுமே இல்லையா?

#20 ராக்கோழி

இருக்கிறது, வெளிச்சம். நெதர்லாந்தில் 12 முதியோர் இல்லங்களில் 189 பேர், பெரும்பாலும் மறதி நோய் உள்ளவர்கள். ஸ்வாபும் அந்த ஆய்வில் இருந்தார், 2008இல் வந்தது. பாதி இல்லங்களின் கூடத்தில் கூரை விளக்குகளைக் கூட்டிப் பகல் முழுக்கச் சுமார் 1,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு), மற்றவற்றில் 300 அளவில். சிலருக்கு மூன்றரை ஆண்டுவரை தொடர்ந்தது. வெளிச்சம் கிடைத்தவர்களின் அறிவாற்றல் சரிவு கொஞ்சம், சுமார் 5 சதவீதம், மட்டுப்பட்டது. மனச்சோர்வு அறிகுறிகள் 19 சதவீதம் குறைந்தன. மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் மட்டும் கொடுத்தவர்களின் மனநிலை மோசமானது, வெளிச்சத்தோடு சேர்த்தபோது அந்தக் குறை தெரியவில்லை. பெரிய அதிசயம் என்று சொல்லமாட்டேன், ஆனால் பல்புதானே.

நம் ஊரில் பல்பும் தேவையில்லை. ஜன்னல் சாத்திய அறையில் நூறு இருநூறு லக்ஸ் இருந்தால் அதிகம். பகலில் வெளியே நிழலில் உட்கார்ந்தாலே பல ஆயிரம்.

#21 வார்டு_அக்கா

காலை டிபனை வாசலில் உட்காரவைத்துக் கொடுங்கள், தண்ணீர் கணக்கும் அங்கேயே தொடங்கிவிடும். மதியத் தூக்கம் அரை மணியைத் தாண்டவேண்டாம். மாலை ஆறுக்குப் பிறகு தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம், பகலில் போதுமான அளவு போயிருந்தால்.

இன்னொன்று. பெரியவர்களுக்கு வாசோபிரெசின் தாராளமாகவே சுரக்கிறது என்று மேலே பார்த்தோம் இல்லையா, அதன் மறுபக்கம் ரத்தத்தில் சோடியம் இறங்குவது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் தயசைடு வகை நீர் மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும் அதை இன்னும் இறக்கும். ராத்திரிச் சிறுநீரைக் குறைக்கக் கொடுக்கும் டெஸ்மோபிரெசினும் அப்படியே. குழப்பமாகப் பேசுவது, தடுமாறி நடப்பது என்று வந்தால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடாமல் சோடியம் பாருங்கள், சாதாரண ரத்தப் பரிசோதனைதான். போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள் தம்பி, மஞ்சள் மாத்திரை வெள்ளை மாத்திரை என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரிவதில்லை.